இருமல் கேட்காத மார்கழி

ஓசூர் பாகலூர் சாலையில் இருக்கும் பெரிய கடையில் போன வாரம் ஒரு அட்டைப்பெட்டியைப் பார்த்தேன். தைம் மூலிகைத் தேநீர். சளிக்கும் இருமலுக்கும் இதமானது, சுவாசத்துக்கு நல்லது என்று பின்பக்கத்தில் எழுதியிருந்தது. எடுத்தேன், வைத்தேன், வேறு வரிசைக்குப் போய்த் துவரம்பருப்பு எடுத்துக்கொண்டு திரும்பி வந்து மறுபடியும் எடுத்தேன். வாங்கவில்லை. எழுதியிருந்ததில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் என்னை அங்கே நிற்கவிடவில்லை.

தொழிற்பேட்டைச் சங்கைக் கேட்டு எழுந்து, சங்கைக் கேட்டுச் சாப்பிட்டு வளர்ந்த நம் வயதுக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். உங்களில் சிலருடைய அடுப்படியிலும் அந்தச் செடி மணந்திருக்கும். அது எங்கள் வீட்டிலிருந்து வந்தது. எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டிலிருந்து வந்தது.

ஜூஜுவாடி போகும் வழியில், கேழ்வரகு விளைந்த நிலத்தில், நிலக்காரர் ஒருவர் எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். லைன் வீடு என்போம். ஒரு அறை, ஒரு சமையல் இடம், மேலே சிமெண்டு ஷீட்டு. மார்கழியில் ஷீட்டின் உட்புறம் வியர்த்து, காலையில் போர்வை மேல் சொட்டும். கோவில்பட்டிப் பக்கத்து வெயிலில் பிறந்த அம்மாவுக்கு அந்தக் குளிர் மேல் தீராத கோபம். “இது ஊரா, இல்ல ஐஸ் பொட்டியா” என்று தினமும் ஒரு தடவையாவது கேட்டுவிடுவாள்.

அப்பா வார்ப்படத் தொழிற்சாலையில் ஃபெட்லிங் பிரிவில் இருந்தார். வார்த்தெடுத்த இரும்பில் ஒட்டியிருக்கும் மணலைத் தட்டி உதிர்த்து, பிசிறுகளைச் சாணைச் சக்கரத்தில் தேய்த்து எடுக்கும் வேலை. அவருடைய சீருடைக்கு மட்டும் தனி வாளி. ஊறவைத்துத் துணியை எடுத்த பிறகு வாளியை மெதுவாகச் சாய்த்தால் தண்ணீர் போய், அடியில் கருப்பு மணல் தங்கும். ரவையைவிட மெல்லிசு. அதில் விரலால் என் பெயரை எழுதி அழித்து விளையாடுவேன்.

அந்த மணலைப் பற்றி நாங்கள் யாரும் அதற்கு மேல் யோசித்ததில்லை. அப்பாவின் இருமலுக்குக் காரணம் ஓசூர்க் குளிர் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை.

இருமலால் எங்களுக்கு ஒரு வசதியும் இருந்தது. பணி முடிந்து சைக்கிளில் வரும்போது, தெருமுனையில் வேலிகாத்தான் மரத்தருகே மேடு ஏற வேண்டும். அங்கே அப்பாவுக்கு இருமல் வரும். மணிச் சத்தத்துக்கு முன்னால் இருமல் சத்தம் கேட்கும். அம்மா உடனே அடுப்பைப் பற்றவைத்துத் தோசைக் கல்லைப் போடுவாள். அப்பா கைகால் கழுவி உட்காரும்போது முதல் தோசை தட்டில் இருக்கும்.

எதிர்வீட்டு மாமாவும் அதே தொழிற்சாலை, அதே பிரிவு. அவருக்கும் இருமல் உண்டு, அப்பாவுடையதைவிடக் கரகரப்பு. அவர்கள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். அத்தை எங்களிடம் தமிழ் பேசினாலும் என்னை மட்டும் “மரி” என்றே கூப்பிடுவாள். குட்டி என்று அர்த்தம். அத்தை, ரோஜா வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பசுமைக்குடிலில் வேலை செய்தாள். அந்த வருடம் அங்கே ஒரு மூலையில், பெங்களூரு ஓட்டல்களுக்காகப் புதிதாக ஒரு செடி போட்டிருந்தார்கள். மேனேஜர் அதைத் தைம் என்றார். வேலை செய்த பெண்கள் வைத்த பெயர் ஓமச் சொப்பு. சொப்பு என்றால் தழை. முகர்ந்து பார்த்தால் அந்தப் பெயரே சரி என்று தோன்றும். ஓமத்தின் மணம், அதன் பின்னால் லேசாகக் கற்பூரம். இலை மிளகில் பாதிகூட இருக்காது. தண்டு மெல்லிய கம்பி மாதிரி. ஓட்டலுக்கு நுனிக் கொழுந்து போய்விடும். கழித்துப் போடும் முற்றிய தண்டுகளை அத்தை முந்தானையில் முடிந்து கொண்டுவருவாள்.

ஆயுத பூஜை முடிந்த வாரம். தொழிற்சாலையில் எல்லோருக்கும் எவர்சில்வர் தூக்கு கொடுத்திருந்தார்கள். இறுக்கமான மூடி, பக்கவாட்டில் புள்ளிப்புள்ளியாகக் கம்பெனிப் பெயர். அந்தத் தூக்கை அம்மா புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தபோது அப்பா சொன்னார்.

“மெடிக்கல் வருதாம். பொங்கலுக்கு முன்னாடி. பெங்களூர்லேருந்து டாக்டர் வாராராம்.”

அம்மாவின் கை நின்றது.

போன வருடப் பரிசோதனைக்குப் பிறகு, ஒப்பந்தத்தில் இருந்த இரண்டு பேரைத் தொழிற்சாலை வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. இருவருக்கும் இருமல். ஒருவர் எங்கள் வரிசையிலேயே குடியிருந்தவர். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு ஊத்தங்கரைப் பேருந்து ஏறியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அப்பாவும் எதிர்வீட்டு மாமாவும் அந்த வருடம்தான் நிரந்தரம் ஆகியிருந்தார்கள். நிரந்தரம் ஆனவர்களுக்கு விதி வேறா என்று அப்பா கேட்டிருக்கலாம். அலுவலகத்தில் போய் ஒரு வார்த்தை.

“கேக்கவே கூடாது,” என்றாள் அம்மா. “கேட்டா, இவனுக்கு என்னமோ இருக்குன்னு அவுகளே முடிவு பண்ணிருவாக.”

அந்த வரிசையில் இருந்த எல்லா வீட்டிலும் அதே நியாயம்தான். யாரும் கேட்கவில்லை.

மறுநாள் அம்மா அத்தையிடம் தன் கவலையைச் சொன்னாள். அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்துப் படியில் கொட்டினாள்.

“இத எடுத்துக்கோக்கா. எங்க சூப்பர்வைசர் அம்மா இருமல்னா இதுதான் குடிக்கறாங்கோ. தண்ணி நல்லா கொதிக்கட்டும், அப்புறம் அடுப்ப நிறுத்திட்டு இத போடு. ஒடனே மூடிடு. ஆவி போச்சுன்னா அதுல ஒண்ணும் இல்ல, வெறும் வெந்நி.”

“எம்புட்டு நேரம் மூடணும்?”

“மணம் தட்டுக்கு மேல வர வரைக்கும்.”

தட்டைப் பிடித்துக்கொண்டு உட்காரும் வேலை எனக்கு வந்தது. நான் ஓரிடத்தில் உட்காரும் பிள்ளை இல்லை. எழுந்து வாசலுக்கு ஓடுவேன், திரும்பி வந்து தட்டில் மூக்கை வைப்பேன், மறுபடி ஓடுவேன். தட்டைத் திறந்து பார்த்தால் மட்டும் அடி விழும். பிறகு அம்மா வடிகட்டி, ஊரிலிருந்து வந்த கருப்பட்டியைத் தட்டிப் போடுவாள். எனக்கும் ஒரு வாய் கிடைக்கும். முதலில் கசப்பு, பிறகு தொண்டையில் சூடு, அது இறங்கியதும் ஒரு குளிர்ச்சி. காய்ந்த இலைகள் சீப்பில், பாயில், என் நோட்டுகளுக்கு நடுவில் எங்கும் கிடந்தன. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண், “உன் தலையில என்ன ஓமவாட்டரா?” என்று தள்ளி உட்கார்ந்தாள்.

அப்பா காலையில் ஒரு டம்ளர் குடித்தார். மீதியைப் புதுத் தூக்கில் ஊற்றிக் கொண்டுபோனார். எதிர்வீட்டு மாமா மட்டும் தொடவில்லை.

“பகலெல்லாம் அந்தச் சொப்புகூடவே இருந்துட்டு வரா. சோத்துல அதே வாசன, தலகாணில அதே வாசன. இவளே ஒரு கஷாயம். இதுக்கு மேல தனியா வேற குடிக்கணுமா?” என்றார் மாமா.

“குடிக்காதீங்கோ. டாக்டர் மூஞ்சி மேலயே இருமுங்கோ,” என்றாள் அத்தை.

“இருமறேன் போ. என்னாத்துக்கு பயம்?”

பயம் அவருக்கும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் வீடுகளுக்கு நடுவில் நின்று ஒத்திகை பார்த்தார்கள். ஒரு குழாயில் ஊதச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். ஊதும்போது இருமினால் தனியாக நிறுத்தி நெஞ்சைப் படம் எடுப்பார்களாம். படம் எடுத்தால் முடிந்தது என்பது பேச்சு. மெழுகுவர்த்தியைக் கொளுத்தி ஸ்டூலில் வைத்து, தள்ளி நின்று ஊதி அணைக்க வேண்டும். பிள்ளைகள் நாங்கள் சுற்றி நின்று கூவுவோம். அப்பா மூச்சை இழுத்து, கண்ணை மூடி, ஒரே ஊதலில் அணைத்துவிடுவார். மாமா பாதி ஊதுவதற்குள் இருமல் வந்துவிடும்; சுடர் ஆடிவிட்டு நேராக நின்றுகொள்ளும்.

“அண்ணாச்சி, அது காத்துல அணையல. உங்க எச்சில்ல நனைஞ்சாத்தான் அணையும்,” என்பார் அப்பா.

“உங்க ஊர்க்காரங்க பேசிப்பேசியே காத்து சேத்து வெச்சிருக்கீங்கோ. எங்களுக்கு ஏது?”

சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பிலேயே அப்பாவுக்கும் இருமல் முட்டிக்கொண்டு வரும். “அடக்குங்க, அடக்குங்க” என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். அப்பா அடக்கிக் காட்டுவார். கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் வந்து, பிறகு தணியும். நாங்கள் கைதட்டுவோம்.

கார்த்திகை முடிவதற்குள் இருமல் குறைந்துவிட்டது. இதை நான் சரியாகச் சொல்ல வேண்டும்: உண்மையாகவே குறைந்தது. இரவில் அவர் புரண்டு படுக்கவில்லை. காலையில் துப்பும் சளி இளகி வந்தது. தழை தன் வேலையைச் செய்தது. அம்மாவின் முகம் மாறிற்று. தோசை வார்க்கும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடினாள்.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. தெருமுனையில் இருமல் கேட்கவில்லை. அப்பா வருவது தெரியாமல் போயிற்று. சங்கு ஊதும், மற்ற சைக்கிள்கள் போகும், நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். மார்கழிப் பனியில் மேடும் தெரியாது, மரமும் தெரியாது. திடீரென்று அவர் சைக்கிளோடு வாசலில் நிற்பார். அடுப்பு பற்றவைக்கப்பட்டிருக்காது. “என்ன, ஒருத்தரும் என்னத் தேடலையா?” என்று சிரிப்பார். சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு கணம் கைப்பிடியைப் பிடித்தபடியே நிற்பார். மேட்டை மிதித்து ஏற முடியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது அந்த நிற்றலில் தெரிந்திருக்க வேண்டும். யாருக்கும் தெரியவில்லை. இருமல் இல்லையே.

பரிசோதனை தொழிற்சாலைக் கேன்டீனில் நடந்தது. அன்று மாலை அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்; அவர் அதைப் பிறகு பல வருடங்கள் வார்த்தை மாறாமல் சொன்னார். சைக்கிள் நிறுத்தும் இடத்திலேயே தூக்கைத் திறந்து கஷாயம் முழுவதையும் குடித்திருக்கிறார். பிரிவுவாரியாக வரிசை. டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். பிறகு ஊதும் கருவி. அப்பா கண்ணை மூடி, எதிரே மெழுகுவர்த்தி இருப்பதாக நினைத்து ஊதினார். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். அடுத்த ஆள் எதிர்வீட்டு மாமா. குழாயை வாயில் வைத்ததும் இருமல் தொடங்கிவிட்டது. டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, சுவரோரம் தனியாக நின்றவர்களோடு நிற்கச் சொன்னார்.

“திரும்பிப் பாக்கவே முடியல,” என்றார் அப்பா. “அந்த மனுசன் என்னையப் பாத்துச் சிரிக்காரு.”

அம்மா கேசரி கிண்டினாள். எதிர்வீட்டுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று தவித்தாள். கொடுத்தால் குத்திக்காட்டுவது போல இருக்கும். கொடுக்காவிட்டால் மறைத்தது போல. கடைசியில் தட்டை மூடி என்னிடம் கொடுத்து, “ஒண்ணும் பேசாம வச்சிட்டு வந்துரு” என்றாள். அத்தையின் கண்கள் வீங்கியிருந்தன. தட்டை வாங்கி உள்ளே போனாள். எந்த வீட்டிலும் தட்டைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. அன்று அவள் அடுப்பில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. தட்டு நிறைய ஓமச் சொப்பு வைத்துக் கொடுத்தாள்.

“அண்ணனுக்கு நல்லா வேல செய்யிது மரி. விடாம குடிக்கச் சொல்லு அம்மாகிட்ட.”

பொங்கல் கழிந்து ஒரு மாதத்தில் மாமாவைப் பிரிவு மாற்றினார்கள். ஸ்டோர்ஸ். அட்டைப்பெட்டிகளும் இரும்பு அலமாரிகளும் உள்ள, ஜன்னல் வைத்த பெரிய அறை. உதிரிச் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை. உற்பத்திப் படி கிடையாது, ஓவர்டைம் கிடையாது. வரிசையில் எல்லோரும் பாவம் என்றார்கள். மாமாவே அவமானப்பட்டு, சில நாட்கள் பின்வழியாக வந்து போனார். “டப்பா எண்ணற வேல” என்று தன்னையே கேலி செய்துகொண்டார்.

அப்பா தேறியவர் ஆனார். அடுத்த வருடம் பரிசோதனைக்கு முன்னால் வேறு வீட்டுப் பெண்களும் அம்மாவிடம் வந்தார்கள். அம்மா செய்முறை சொன்னாள். அத்தை தழை கொண்டுவந்தாள். ஆயுத பூஜையிலிருந்து பொங்கல்வரை வரிசை முழுதும் ஓமம் மணந்தது. ஃபெட்லிங் ஆண்கள் நன்றாக ஊதினார்கள். யாரையும் தனியாக நிறுத்தவில்லை. அதை நாங்கள் வெற்றி என்று நினைத்தோம்.

எதிர்வீட்டு மாமாவின் இருமல் இரண்டாவது மார்கழியில் பாதியாகி, மூன்றாவதில் நின்றேபோயிற்று. அவர் ஒரு டம்ளர்கூடக் குடித்ததில்லை. அதைப் பார்த்தும் எங்களுக்கு விளங்கவில்லை. “அவரு ஒடம்பு இந்த ஊரு ஒடம்பு, குளிர் ஒத்துக்கிடும்,” என்றாள் அம்மா.

நான் கிருஷ்ணகிரியில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த வருடம் கஷாயம் தோற்றது. அப்பா பேருந்து நிலையப் படிகளில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் முதல்முறையாக அவர் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார்கள். உள்ளே தூவியது போல வெள்ளைப் பொட்டுகள். கல்தூசி, மணல்தூசி; உள்ளே போனது வெளியே வராது, இனி சேராமல் பார்க்கலாம், அவ்வளவுதான் என்றார் டாக்டர். பிறகு கேட்டார்: “எவ்வளவு வருஷமா இருமல்?”

“இருமலே கிடையாதுங்க,” என்றாள் அம்மா. அப்போதும் அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. “எல்லா மெடிக்கல்லயும் பாஸ் பண்ணுனவுக.”

டாக்டர் படத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். நான் எழுந்து வெளியே போய் நடந்தேன்.

நிரந்தரத் தொழிலாளிக்கு இருமல் இருந்தால் தூசி இல்லாத பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்பதுதான் அந்தத் தொழிற்சாலையின் நடைமுறை. பரிசோதனையே அதற்காகத்தான். இதை எங்களுக்குச் சொன்னவர் எதிர்வீட்டு மாமா. அப்பா போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்னார். “அன்னிக்கு நானும் குடிச்சிருந்தா…” என்று தொடங்கி, முடிக்காமல் எழுந்து போனார்.

தூக்கு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அம்மா கடைசிவரை அதைத் தேடினாள்.

மாமாவும் அத்தையும் இப்போதும் ஓசூரில்தான் இருக்கிறார்கள். மாமா நடைப்பயிற்சி போகிறார். கடையில் அந்தப் பெட்டியைப் பார்த்த மறுநாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். உட்கார முடியாமல்தான் போனேன். அத்தை கதவைத் திறக்கும் முன்பே ஓமம் மணந்தது. மாடிப்படி ஓரம் தொட்டியில் செடி வளர்க்கிறாள். அடுப்படியில் டம்ளர், மேலே கவிழ்த்த தட்டு.

“யாருக்கு அத்தை?”

“எனக்குத்தான் மரி. இந்த மழ விட்டதிலேருந்து ஒரு இருமல். இத குடிச்சா அடங்கிடுது. சாயங்காலம் மறுபடி வருது, மறுபடி குடிக்கறேன்.”

“டாக்டர்கிட்ட போகலையா?”

“அடங்கிடுதே. அங்க போய் என்னான்னு சொல்றது?”

மாமா செய்தித்தாளைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். “ரெண்டு மாசமா இதான். நான் சொன்னா கேக்கறதில்ல,” என்றார்.

அத்தை டம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, தயாராக வைத்திருந்த கேள்வி போலக் கேட்டாள்: “மரி, உங்கப்பா விஷயத்துல… இந்தச் சொப்பு மேல தப்பு இருக்கா?”

“இல்ல அத்தை. நாம என்ன சொன்னோமோ அத அது செஞ்சிச்சி.”

அவள் தலையாட்டினாள். தட்டை எடுத்து டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாள். நான் அதை வாங்கி, மறுபடியும் தட்டால் மூடி, மேடை மேல் வைத்தேன்.

“புடவை மாத்துங்க அத்தை. போய்ப் படம் எடுத்துட்டு வந்துருவோம். வந்து குடிக்கலாம்.”

“ஒரு வாய் குடிச்சிட்டு வரேனே. வழியெல்லாம் இருமினா அசிங்கமா இருக்கும்.”

“இருமுங்க. டாக்டர் கேக்கணும்.”

மாமா சட்டை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்து வந்தார். ராயக்கோட்டை சாலை மேம்பாலம் ஏறும்போது அத்தைக்கு இருமல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தி, கழுத்து நரம்பு புடைக்க அடக்கப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். மருத்துவமனை வாசல்வரை அவள் இருமிக்கொண்டே வந்தாள். மாமா ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தார். யாரும் அடக்கச் சொல்லவில்லை.